இரண்டே பேர், பாதி செட், குளிர்: ‘இரு பாத்திர நாடகம்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு மாலைகளில் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு நண்பர் வீட்டு மேல்மாடியில் எட்டு ஒன்பது பேர் கூடி நாடகம் வாசிக்கிறோம். பிரதி ஆங்கிலம், பேச்சு தமிழ், தே தாரே (ஆற்றிய பால் தேநீர்) கீழே இருக்கும் மாமாக் கடையிலிருந்து. இதுவரை வாசித்ததில் எங்களை அதிகம் சண்டைபோட வைத்தது அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் எழுதிய ‘த டூ-கேரக்டர் பிளே’. நாங்கள் ‘இரு பாத்திர நாடகம்’ என்கிறோம். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள், புலன (வாட்ஸ்அப்) குழுவில் நானும் அதே பதிலைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். விரல் வலிக்கிறது. அதனால் இந்தப் பக்கம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

மொதல்ல கதையைச் சொல்லுங்க. சுருக்கமா.

ஃபெலிஸ், கிளேர் இருவரும் உடன்பிறந்தவர்கள். ஊர் ஊராகப் போய் நாடகம் போடுகிற நடிகர்கள். பெயர் சொல்லப்படாத ஒரு குளிர் தேசத்தில், ஒரு பழைய அரங்கில் வந்து நிற்கிறார்கள். குழுவில் மற்ற எல்லோரும் ஓடிவிட்டார்கள். உங்கள் இரண்டு பேருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு தந்தி மட்டும் மிச்சம். செட் பாதிதான் நிற்கிறது. ஆனால் பார்வையாளர்கள் வந்துவிட்டார்கள். எனவே இரண்டே பேர் போதுமான ஒரு நாடகத்தை, ஃபெலிஸே எழுதியதை, போட்டாக வேண்டும்.

அந்த உள்நாடகத்திலும் ஓர் ஆணும் பெண்ணும் உடன்பிறந்தவர்கள். அமெரிக்காவின் தெற்கில் நியூ பெத்தஸ்டா என்ற கற்பனை ஊர். அவர்களுடைய அப்பா, அம்மாவைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டவர். அதன் பிறகு பிள்ளைகள் இருவரும் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. தொலைபேசி துண்டிக்கப்பட்டுவிட்டது, மளிகைக் கடைக்குப் போய் நிற்க முகம் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் கையில் கவண். சன்னலுக்கு வெளியே வீட்டைவிட உயரமாக, இரண்டு தலையோடு ஒரு சூரியகாந்திச் செடி நிற்கிறது.

ரெண்டு இடத்துலயும் ஒரே பேரா? எனக்கு எது நாடகம், எது நிஜம்னே புரியல.

ஆமாம், ஒரே பேர்தான். உள்நாடகத்துப் பாத்திரங்களும் ஃபெலிஸ், கிளேர்தான். குழம்ப வேண்டும் என்றுதான் வில்லியம்ஸ் அப்படி வைத்திருக்கிறார். ஆனாலும் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு உண்டு: தட்பவெப்பம். வெளியே, அரங்கில், எலும்பு நடுங்கும் குளிர். உள்நாடகத்தில் கோடைகாலம். கோட்டு, குளிர் என்று பேச்சு வந்தால் அவர்கள் நடிகர்கள். சூரியகாந்தி, சோப்புக் குமிழி என்று வந்தால் பாத்திரங்கள்.

இன்னொரு அடையாளம் பியானோ. ஒரு காட்சியை வெட்டிவிட்டு மேலே போகலாம் என்று கிளேர் நினைத்தால் பியானோவில் ஒரு குறிப்பிட்ட சுரத்தைத் தட்டுவாள். பார்வையாளருக்கு அது வெறும் சத்தம். அண்ணனுக்கோ தம்பிக்கோ (இதைப் பற்றிக் கீழே தனியாக ஒரு சண்டை இருக்கிறது) அது கட்டளை. இரண்டாம் வாசிப்பில் நாங்கள் ஏர்கோனைப் பதினாறில் வைத்துப் பார்த்தோம். காசில்லாத செட். அரை மணி நேரத்தில் எல்லோரும் நியூ பெத்தஸ்டாவுக்குப் போய்விடலாம் என்று ஏங்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்த நாடகத்தை நான் புரிந்துகொண்டது அன்றுதான். அந்தப் பயங்கரமான வீடுதான் இவர்களுக்கு இருப்பதிலேயே கதகதப்பான இடம்.

ஏன் கடைக்குப் போக மாட்டேங்கிறாங்க? நாலு எட்டு வெச்சாக் கடை. இதுக்கு ஒரு நாடகமா?

இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். நியாயமான எரிச்சல். போகத்தான் பார்க்கிறார்கள். கிளம்புகிறார்கள், உடை சரிசெய்கிறார்கள், கடைக்காரரிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறார்கள். வாசல்வரை போய்த் திரும்பிவிடுகிறார்கள். மொத்த உள்நாடகமும் நடக்காத அந்த ஒரு நடைதான்.

பணம்தான் வெளிக் காரணம். அப்பாவின் ஆயுள் காப்புறுதியில் தற்கொலைக்குப் பணம் கிடையாது என்று நிறுவனம் கைவிரித்துவிட்டது. (நம் ஊர்ப் பத்திரங்களிலும் தொடக்க காலத்துக்கு அப்படி ஒரு விலக்கு பொதுவாக இருக்கும். யாரும் படிப்பதில்லை.) உள் காரணம் வேறு. ஒருவர் போய்விட்டு நல்லபடியாகத் திரும்பி வந்தால், தனியாகவும் வாழ முடியும் என்று தெரிந்துபோகும். அது இரண்டு பேருக்கும் வேண்டாம். ‘நீ வரவில்லை என்றால் நானும் போகமாட்டேன்’ என்று நம் வீடுகளில் பாசமாகச் சொல்வோமே, அதே வாக்கியம்தான். அதைச் சொல்லிச் சொல்லியே இருவரும் பட்டினி கிடக்கிறார்கள்.

சும்மா சுத்தி வளைக்காம சொல்லுங்க, ரெண்டு பேரும் பைத்தியமா இல்லையா?

நாடகம் தீர்ப்புச் சொல்வதில்லை. தந்தி சொல்கிறது, ஊர் சொல்கிறது. ஆனால் தந்தி அனுப்பியவர்கள் சம்பளப் பிரச்சினையில் ஓடியவர்களாகவும் இருக்கலாம், நமக்கு எப்படித் தெரியும்? நான் கவனித்தது ஒன்று: இருவரும் ஒருவர் நிலையை மற்றவர் மிகத் தெளிவாகப் பார்க்கிறார்கள். தன் நிலையைத்தான் பார்ப்பதில்லை. எங்கள் வட்டத்தில் ‘பைத்தியம்’ என்று முடிவுகட்டியவர்களுக்கு அதற்கு மேல் நாடகத்தில் பேச ஒன்றும் இருக்கவில்லை, போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இது உண்மைக் கதையா?

சம்பவங்கள் கற்பனை. ஆனால் அடியில் ஒரு நிஜமான சகோதரி இருக்கிறார். வில்லியம்ஸுக்கு ரோஸ் என்று ஓர் அக்கா. அவர் 1909-இல் பிறந்தவர், வில்லியம்ஸ் 1911-இல். சிறு வயதில் ஒட்டிப் பிறந்த மாதிரி வளர்ந்தவர்கள். ரோஸுக்கு மனச்சிதைவு நோய் என்று சொல்லப்பட்டு, 1943-இல் லோபாட்டமி என்ற மூளை அறுவை செய்தார்கள். அதன் பிறகு வாழ்நாளின் பெரும்பகுதி பராமரிப்பு இல்லங்களில்தான். வில்லியம்ஸ் கடைசிவரை அக்காவைப் பார்த்துக்கொண்டார். அவர் எழுதிய பல நாடகங்களில் ஏதோ ஒரு மூலையில் ரோஸ் நிற்பார். இதில் நடு மேடையில் நிற்கிறார்.

அப்பாவைப் பற்றிய பகுதி ரோஸின் கதையில் இல்லாதது. உள்நாடகத்து அப்பா சோதிடம் பார்க்கிறவர், ராசிச் சின்னம் போட்ட அவருடைய சட்டையை ஃபெலிஸ் போட்டுக்கொள்கிறான். ஊருக்கெல்லாம் கட்டம் கணித்த மனிதர், வீட்டுக்குள் நடக்கப்போவது தெரியவில்லை. நம்மவர்கள் இந்த இடத்தில் தலையாட்டாமல் இருந்ததே இல்லை.

கிளேர் அக்காவா தங்கச்சியா? நீங்க ரெண்டு மாதிரியும் சொல்றீங்க.

வாங்க, இதுதான் மூன்று வாரம் ஓடிய சண்டை. ஆங்கிலத்தில் ‘சிஸ்டர்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். தமிழில் முடியாது. அவள் வாயைத் திறந்து கூப்பிட்டதுமே யார் மூத்தவர் என்று தெரிந்துவிடும். ‘அண்ணே’ என்றால் ஒரு நாடகம், ‘தம்பி’ என்றால் வேறு நாடகம்.

தங்கச்சியாக வைத்தால் நம் சினிமா உள்ளே வந்துவிடுகிறது. அண்ணன் காவலன், தங்கை கண்ணீர், எல்லாம் பழக்கப்பட்ட பாதை. வாசித்தவரின் குரல்கூடத் தானாகத் தழுதழுத்தது. அதிலும் நம் வழக்கத்தில் அண்ணனுக்கு ஒரு வேலை இருக்கிறது. தங்கை வேறு வீட்டுக்குப் போவாள், இவன் தாய்மாமனாகச் சீர் கொண்டுபோவான். ஃபெலிஸ் சீர் தூக்கிக்கொண்டு போக இன்னொரு வீடே கிடையாது. அந்த வெறுமை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கிளேர் பாவப்பட்ட பெண்ணாகச் சுருங்கிவிடுகிறாள். அவள் அப்படிப்பட்டவள் அல்ல. காட்சியை வெட்டுகிறவளே அவள்தான்.

அக்காவாக வைத்தபோது அதட்டலும் கிண்டலும் வந்தன. ‘டேய், இந்தக் காட்சி வேண்டாம்’ என்று பியானோவைத் தட்டுகிற அக்கா. ரோஸும் அக்காதானே. என் ஓட்டு இதற்கே. ஆனால் வட்டத்தில் பாதிப்பேர் பெயர் சொல்லியே கூப்பிடட்டும், இரட்டையர் மாதிரி இருக்கட்டும் என்கிறார்கள். முடிவாகவில்லை. அதனால்தான் இந்தப் பக்கத்திலும் நான் மாற்றி மாற்றிச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்கக் கூச்சமா இருக்கு. அவங்களுக்குள்ள ‘அந்த மாதிரி’ ஏதும்...?

எல்லோரும் கேட்பதுதான், கூடத்தில் கேட்காமல் தனியாக அனுப்புவார்கள். வில்லியம்ஸ் அப்படி எதையும் மேடையில் நடக்க வைக்கவில்லை. அதே சமயம் நெருக்கத்தில் ஒரு நெருடல் இருப்பதை மறைக்கவும் இல்லை. விமர்சகர்கள் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறார்கள். என் கருத்து: வெளி உலகமே இல்லாமல் போன இரண்டு பேருக்கு எல்லா உறவும் ஒரே ஆள்தான். அம்மா, அப்பா, எதிரி, ரசிகர், முதலாளி எல்லாமே. நெருடல் அங்கிருந்து வருகிறது.

ஒரு வார்த்தையைச் சொன்னதும் அவன் தலகாணியால அவ வாயை அமுக்கறானே, அது என்ன வார்த்தை? தமிழ்ல எப்படி?

‘கன்ஃபைன்ட்’. அடைத்துவைக்கப்பட்ட, என்று பொருள். அந்த வீட்டில் தடை செய்யப்பட்ட சொல். சொல்லக் கூடாது என்று வைத்த சொல் சும்மா கிடக்காமல் வளர்ந்துகொண்டே போகும் என்பதுதான் அந்தக் காட்சியின் பயமே.

தமிழில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில், நம் ஊரில் ‘கன்ஃபைன்மென்ட்’ என்றாலே பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறும் எண்ணெய்த் தேய்ப்பும்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு அக்கா சிரித்துச் சிரித்து வாசிப்பையே நிறுத்திவிட்டார். ‘சிறைப்பட்ட’ மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. ‘முடங்கிய’ சொன்னால் கால் முடியாதவர்போல. ‘பூட்டிவெச்ச’ என்று ஒருவர் சொன்னதும் அறை அமைதியானது. எல்லோருக்கும் 2020 மார்ச் 18 ஞாபகம் வந்துவிட்டது, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள். கதவுக்கு இந்தப் பக்கம் மாதக்கணக்கில் ஒரே ஆளோடு இருந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. இப்போதைக்கு ‘பூட்டிவெச்ச’தான்.

வில்லியம்ஸுக்கும் அந்தச் சொல் நேரிலேயே வந்தது. இந்த நாடகம் முதலில் மேடையேறியது 1967-இல். 1969-இல் அவருடைய தம்பி டேக்கின், போதை மருந்தும் மதுவுமாக உடைந்துபோயிருந்த அவரை செயின்ட் லூயிஸில் ஒரு மருத்துவமனையின் மனநோய்ப் பிரிவில் சேர்த்தார். வெளியே வந்த பிறகும் அவர் திரும்பத் திரும்பத் திருத்தியது இந்தப் பிரதியைத்தான்.

இவ்வளவு பெரிய ஆள் எழுதியது, ஏன் யாருமே கேள்விப்படல? ஓடலையா?

ஓடவில்லை. லண்டன் ஹாம்ப்ஸ்டெட் தியேட்டர் கிளப்பில் 1967 டிசம்பரில் முதல் மேடையேற்றம். 1971-இல் சிகாகோவில் ‘அவுட் கிரை’ என்று பெயர் மாற்றி. அதே பெயரில் 1973 மார்ச் 1 அன்று பிராட்வேயில். 12 முறை மேடையேறியதோடு முடிந்துபோனது. ஆனால் அவர் இதைத் தன் ஆகச் சிறந்த படைப்புகளில் ஒன்றாகவே கடைசிவரை நினைத்தார்.

ஏன் ஓடவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த விடை ரொம்பச் சாதாரணம். நாடகத்துக்குள்ளேயே பார்வையாளர்கள் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். நிஜப் பார்வையாளர்களுக்கு அதைவிட நல்ல யோசனையை யார் கொடுக்க முடியும்? 2013-இல் நியூயார்க்கில் அமாண்டா பிளம்மரும் பிராட் டூரிஃபும் நடித்து மறுபடி போட்டார்கள்.

எந்தப் பதிப்பைப் படிக்கணும்?

1976-இல் புத்தகமாக வந்தது, பழைய பெயருக்கே திரும்பிய பதிப்பு. நாங்கள் வாசிப்பது அதைத்தான். ‘அவுட் கிரை’ என்ற பெயரில் கிடைப்பது அதற்கு முந்தையது. இரண்டையும் கலந்து படித்தால் மேலே இரண்டாம் கேள்வியில் சொன்ன குழப்பம் நான்கு மடங்காகும்.

கடைசியில சுட்டாங்களா இல்லையா?

தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுங்கள். பார்வையாளர்கள் போய்விட்டார்கள் என்று தெரிகிறது. அரங்கின் கதவுகள் வெளியே பூட்டியிருக்கின்றன. தொலைபேசி வேலை செய்யவில்லை. உள்நாடகத்தில் இருந்த எல்லாக் கஷ்டமும் இப்போது வெளியே வந்துவிட்டது, கூடவே குளிர். அதனால் இருவரும் மறுபடி நாடகத்துக்குள்ளேயே போகத் தீர்மானிக்கிறார்கள். அங்கே கோடை, அங்கே ஒரு துப்பாக்கி. அவள் குறி வைக்கிறாள், முடியவில்லை. அவன் எடுக்கிறான், அவனாலும் முடியவில்லை. வெளிச்சம் மங்கும்போது ஒருவரை நோக்கி ஒருவர் கை நீட்டுகிறார்கள், தழுவிக்கொள்கிறார்கள், இருட்டு.

இது நல்ல முடிவா கெட்ட முடிவா என்று கேட்பவர்களுக்கு: கடை நடையைப் பற்றி மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள். அங்கே வாசலைத் தாண்ட விடாத அதே பிடிதான் இங்கே விசையை அழுத்தவும் விடவில்லை. எங்கள் வட்டத்தில் இளையவர்கள் இதைத் தோல்வி என்றார்கள். அறுபது தாண்டியவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

எங்க வீட்ல ஒருத்தரை அப்படி இழந்திருக்கோம். நான் வரலாமா?

வரலாம். வராமலும் இருக்கலாம், யாரும் காரணம் கேட்கமாட்டோம். பெற்றோர் இறந்தது மேடையில் காட்டப்படுவதில்லை, பேச்சில்தான் வருகிறது. துப்பாக்கி மட்டும் கண் முன்னால் இருக்கும். அந்தப் பக்கங்கள் வருவதற்கு முன் சொல்லிவிடுகிறோம், கீழே போய்த் தேநீர் குடித்துவிட்டு வரலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நம் மலேசிய நாடாளுமன்றம் 2023-இல்தான் நீக்கியது. அதற்கு முன் பல வீடுகளில் இதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்ததில் சட்டப் பயமும் கலந்திருந்தது. ‘பூட்டிவெச்ச’ மாதிரி அதுவும் சொல்லாமலே வளர்ந்த சொல்தான்.

நல்லா இருக்கே, தமிழ்ல மேடை போட்டுடலாமே? செந்தூல்லயே கேஎல்பேக் இருக்கு.

ஆசை எனக்கும் உண்டு. பழைய ரயில்வே கட்டடத்தில் 2005-இல் திறந்த அந்த அரங்கு வளாகத்தில், ரயில்வேத் தமிழர்களின் செந்தூலில், இந்த நாடகம் தமிழில்! ஆனால் முதலில் அனுமதி. மலேசியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 50 ஆண்டுவரை பதிப்புரிமை நிற்கும். வில்லியம்ஸ் இறந்தது 1983, ஆக 2033 முடியும்வரை. மொழிபெயர்க்கவே எழுத்தில் அனுமதி வேண்டும், மேடைக்குத் தனியாக. அதற்கு மேல் மாநகர மன்றத்தின் கேளிக்கை உரிமம்.

யாரிடம் கேட்பது என்று தேடினால் கதை மறுபடி ரோஸிடம் போய் நிற்கிறது. வில்லியம்ஸ் தன் சொத்தில் பெரும்பகுதியை அக்காவின் பராமரிப்புக்கு எழுதிவைத்தார். அக்கா காலத்துக்குப் பிறகு, தன் தாத்தா படித்த டென்னசி மாநிலத்துப் பல்கலைக்கழகமான யூனிவர்சிட்டி ஆஃப் த சவுத்துக்கு. ரோஸ் தம்பி இறந்து 13 ஆண்டுகள் இருந்து, 1996-இல் போனார். உரிமை இப்போது அந்தப் பல்கலைக்கழகத்திடம்.

எங்க லோரோங்லயும் இப்படி ஒரு அண்ணன் தங்கச்சி இருக்காங்க. கதவே திறக்க மாட்டாங்க. இதைப் படிச்சப்புறம் போய்ப் பார்க்கணும்னு இருக்கு. போகலாமா?

போங்கள், ஆனால் நாடகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். சாப்பாடு கொண்டுபோங்கள். உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது பினாங்கு ஜெலுத்தோங்கில் பாட்டி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள், இருவருக்கும் எழுபது இருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் பாட்டி என்னிடம் தூக்குச் சட்டியில் சாம்பார் கொடுத்து அனுப்புவார். கதவு ஒரு சாண் திறக்கும். ஒவ்வொரு வாரமும் அந்தம்மா ‘யாரு வீட்டுப் புள்ள?’ என்று கேட்பார், நான் சொல்வேன், உள்ளே இருட்டில் அண்ணன் ‘அவங்க வீட்டுப் புள்ளதான்’ என்று உறுதி சொன்ன பிறகே கை நீளும். அடுத்த நாள் சட்டி எங்கள் வாசல் படியில் கழுவிக் கவிழ்த்திருக்கும், கீழே ஒரு கொத்துக் கறிவேப்பிலை. யார் எப்போது கொண்டுவந்து வைத்தார்கள் என்று நாங்கள் பார்த்ததே இல்லை. அந்த வீட்டுக்குள் நான் ஒருமுறைகூடப் போனதில்லை. கறிவேப்பிலை மரம் பின்கட்டில் இருந்திருக்க வேண்டும்.